ஓட்டைக்குக் கிடைத்த தரச்சான்று

ஒரு காட்டில், அரசாங்கம் வந்து நான்கு தடவை அளந்துவிட்டுப் போன பிறகும் எப்படியோ காடாகவே மிச்சம் இருந்த ஒரு காட்டில், வாரியக் குடியிருப்பு என்று ஒரு காலனி இருந்தது. நாற்பது வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு, ஒரே பலகைக் கூரை. அந்த அளவு எப்படி வந்தது என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. வீடு ஒதுக்குவதில் எந்த விலங்குக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்று சிங்கத்தின் அரசு உத்தரவு போட்டிருந்தது. வாரியத்துப் பொறியாளர்கள் உடனே யானையை அளந்தார்கள், எறும்பை அளந்தார்கள், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். வந்த விடைக்கு நாற்பது வீடு கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யானை தலையை மட்டும் வீட்டுக்குள் வைத்து, மிச்சத்தைத் தெருவில் போட்டுக்கொண்டு தூங்கியது. எறும்புக் குடும்பம் அடுக்களையிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பியது. ஆனால் பாரபட்சம் என்று மட்டும் ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை.

இந்தக் காலனியில் பதினேழாம் எண் வீட்டில் பேச்சியம்மை என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பேர் மாசானம். நல்ல மனுஷன். முள்ளம்பன்றிதான், இருந்தாலும் மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு நல்லவர். ஒரே ஒரு குறை, அரசாங்க முத்திரை குத்திய காகிதம் எதைப் பார்த்தாலும் அவருடைய முள்ளெல்லாம் தானாகப் படுத்துவிடும். பேச்சியம்மை அப்படி இல்லை. அவளுக்குக் காகிதத்தைப் பார்த்தால்தான் முள் எழும்பும்.

அவளுக்கு அப்போது நிறைமாசம். ஐப்பசியில் பேறு என்று கணக்கு. ஐப்பசி என்றால் மழையும் வரும், பிள்ளையும் வரும். முள்ளம்பன்றிக் குட்டி பிறக்கும்போது அதன் முள் மெத்து மெத்தென்றுதான் இருக்கும். மூன்று நாள் ஈரம் படாமல் இருந்தால் காய்ந்து விறைத்துவிடும். ஈரம் பட்டால் போச்சு, நமுத்துப்போன அப்பளம் மாதிரி ஆயுசுக்கும் தொய்ந்தே கிடக்கும். தொய்ந்த முள்ளோடு ஒரு முள்ளம்பன்றி காட்டில் எத்தனை நாள் உயிரோடு திரியும் என்று காட்டுப்பூனையைக் கேட்டால் சரியாகச் சொல்லும். ஆக, பேச்சியம்மைக்கு வேண்டியதெல்லாம் மூன்று நாளைக்கு, தான் படுக்கிற அளவுக்கு, ஒரு காய்ந்த இடம். அதற்கு மேல் அவள் ஒரு இம்மி கேட்கவில்லை.

அந்த இடம்தான் வீட்டில் இல்லை. வாரியம் போட்ட தரை நடுவில் மேடு, நாலு பக்கமும் சரிவு. மழை பெய்தால் தண்ணீர் சுவரோரமாகச் சுற்றி நிற்கும். காய்ந்திருக்கத் தோதான ஒரே இடம் நடுமேடு. கூரையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்ததே, அது சரியாக அந்த மேட்டுக்கு மேலேதான் இருந்தது. வீடு கட்டத் தெரியாதவர்களுக்கு ஓட்டையை மட்டும் எங்கே வைக்க வேண்டும் என்று எப்படித்தான் தெரிகிறதோ. அக்கம்பக்கத்தில் போய்ப் படுக்கலாம் என்றால் நாற்பது வீட்டிலும் இதே கதை.

முள்ளம்பன்றிதானே, ஒரு குழி தோண்டிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். மாசானமும் கேட்டார். பிறகு ஒதுக்கீட்டு ஆணையைத் திருப்பிப் பார்த்தார். முதல் நிபந்தனை, குழி தோண்டினால் அது அனுமதியற்ற கட்டுமானம். இரண்டாம் நிபந்தனை, கூரையில் குடியிருப்பவர் கை வைத்தால் ஒதுக்கீடு ரத்து. அவர் முள் படுத்துவிட்டது.

சரி, மனு கொடுப்போம் என்று பேச்சியம்மை வாரிய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். அங்கே ஒரு சங்கடம். முள்ளம்பன்றிக்குப் பின்னால் ஒட்டி நிற்க யார் வருவார்கள்? முயல் நாலு அடி தள்ளி நின்றது, மான் எட்டு அடி தள்ளி நின்றது. சன்னலுக்குள்ளிருந்து பார்க்கிற எழுத்தருக்கு வரிசை பேச்சியம்மையோடு முடிந்துபோன மாதிரி தெரியும். அவளுக்கு முன்னால் நிற்கிற நரியின் மனுவை வாங்கிக்கொண்டு, கடைசி ஆள் ஒருத்திதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சன்னலைச் சாத்திவிடுவார். இப்படியே ஆவணி முழுக்கப் போயிற்று. புரட்டாசியில் ஒரு நாள் அவள் தன் முள்ளையெல்லாம் மாசானத்தின் பழைய வேட்டியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு போய் நின்றாள். அன்றைக்குத்தான் மனு உள்ளே போயிற்று.

எழுத்தர் மனுவை வாசித்துவிட்டு, தனித்தனி ஓட்டையை இனிமேல் அடைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். பெரிய திட்டம் வந்திருக்கிறதாம். காலனியில் உள்ள அத்தனை வீட்டையும் குறைந்தபட்ச அரசுத் தரத்துக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். ஒரு வீடு பாக்கி விட மாட்டார்களாம். பேச்சியம்மைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஒரு ஓட்டையை அடைக்கக் கேட்டுப் போனவளுக்கு ஒரு திட்டமே கிடைத்தால் பின்னே எப்படி இருக்கும். வேட்டியைக் கழற்றி வீசிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மறுவாரம் காலனி நடுவில் கூட்டம் போட்டார்கள். தரத்தை வகுத்தவரே நேரில் வந்து விளக்குவார் என்று அறிவிப்பு. வந்தவர் செயற்பொறியாளர் கூர்மநாதன், ஆமை. பிறந்ததிலிருந்து ஒழுகாத வீட்டுக்குள்ளேயே குடியிருப்பவர், வாடகை வீடு என்றால் என்னவென்று அறியாதவர். அவரைத்தான் வீட்டுத் தரம் வகுக்கப் போட்டிருந்தார்கள், சொந்த அனுபவம் உள்ளவர் என்று. தலைமையிடத்திலிருந்து காலனிக்கு நடந்துவர அவருக்கு நாலு வருஷம் பிடித்தது. அந்த நாலு வருஷத்தையும் களப்பணி என்று காட்டியிருந்தார்.

அவர் தலையை நீட்டித் தரத்தை வாசித்தார். வீடு என்று ஒன்று இருந்தால் அதில் வெளிச்சம் வரச் சன்னல் இருக்க வேண்டும். காற்றோட்டம் இருக்க வேண்டும். ஓடும் தண்ணீர் வசதி இருக்க வேண்டும். கூரை ஒழுகக் கூடாது. அவ்வளவுதான், இந்த நாலும் இருந்தால் தரமான வீடு. கூட்டம் கைதட்டியது. காலனியில் இந்த நாலில் ஒன்றுகூட இல்லாத வீடுகள்தான் அதிகம், அதனால் கைதட்டல் பலமாகவே இருந்தது. யானை ஒன்று கேட்டது, வீட்டுக்குள் நுழைய முடிய வேண்டும் என்று தரத்தில் உண்டா என்று. கூர்மநாதன் யோசித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே இருப்பது எப்படி என்றே தனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தலையை இழுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தது. அவர் ஊருக்குக் கிளம்பினார், அதாவது முதல் அடியை எடுத்து வைத்தார்.

முதல் கட்டம் கூரைப் பரிசோதனை. அந்த ஒப்பந்தத்தை எடுத்தவர் கொண்டையப்பன், மரங்கொத்தி. மரவேலையில் கைதேர்ந்தவர் என்று பேர். பதினேழாம் வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்ததும் பேச்சியம்மை கீழேயிருந்து, ஐயா ஓட்டை அந்தா அங்கே இருக்கிறது என்று கையைக் காட்டினாள். அதெல்லாம் பொதுமக்கள் சொல்லக் கூடாது, முறைப்படி கண்டுபிடிக்க வேண்டும் என்றார். முறை என்னவென்றால், ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்ப்பது. நல்ல இடம்தானா என்று தட்டுவார், தட்டி முடித்ததும் அது நல்ல இடமாக இருக்காது. சுண்டைக்காய் எலுமிச்சை ஆயிற்று, எலுமிச்சை தேங்காய் ஆயிற்று. சாயங்காலம் அவர் அலகைத் துடைத்துக்கொண்டு இறங்கியபோது நடுமேட்டுக்கு நேர் மேலே முறம் அளவுக்கு வானம் தெரிந்தது. ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அடைப்பது யார் என்று பேச்சியம்மை கேட்டாள். அது இரண்டாம் கட்டம் என்றார் கொண்டையப்பன். ஆய்வாளர் வந்து பார்த்து, வீடு தரத்தில் தோற்றுவிட்டது என்று எழுத வேண்டும். தோற்ற வீட்டைத்தான் சரிசெய்வார்கள். ஜெயித்த வீட்டைத் தொட மாட்டார்கள்.

இதைக் கேட்டதும் பேச்சியம்மைக்கு உயிர் வந்தது. முறம் அளவு ஓட்டையை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியுமா என்ன? காலனி முழுக்க இதே பேச்சு, இதே உற்சாகம். பரீட்சையில் தோற்க இப்படி ஒரு ஊரே பாடுபட்டு எங்கேயும் பார்த்திருக்க முடியாது. நரி தன் கதவைக் கழற்றி ஒளித்துவைத்தது. குரங்கு தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து சாய்ந்து அதைச் சாய்த்தே விட்டது. மாசானம் மட்டும், அரசாங்கம் வருகிறதே என்று வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டார். பேச்சியம்மை பின்னாலேயே போய் அதை அழித்துக்கொண்டு வந்தாள்.

ஐப்பசி முதல் மழையும் ஆய்வாளரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். ஒழுகல் பிரிவு ஆய்வாளர் பேர் கார்மேகம், எருமை. எதற்கும் அசைந்துகொடுக்காத அதிகாரி தேவை என்று வாரியம் ஒரு காலத்தில் விளம்பரம் செய்திருந்தது. வந்தவர்களில் எதற்கும் அசையாதவர் இவர் ஒருவர்தான். பழகுவதற்குத் தங்கமானவர். குரலை உயர்த்த மாட்டார், ஒருத்தர் மனசை நோகடிக்க மாட்டார். நிதானமாக வந்து, நிதானமாக உள்ளே நுழைந்து, வீட்டு நடுவில் மேட்டின் மேல் சரியாக ஓட்டைக்குக் கீழே உட்கார்ந்தார். வீட்டு அளவும் அவர் அளவும் கனகச்சிதமாகப் பொருந்தின. யானையையும் எறும்பையும் கூட்டி வகுத்தால் எருமைதான் வருகிறது போலிருக்கிறது.

வெளியே கொட்டுகிற மழை முழுக்க அவர் முதுகில் கொட்டியது. கொம்பு வழியாக வழிந்து காதில் இறங்கி மூக்கு நுனியில் சொட்டியது. அவர் அசைபோட்டுக்கொண்டே படிவத்தை எடுத்து, ஒழுகல் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். படிவம் ஆலிலையில் இருந்ததால் பிழைத்தது.

பேச்சியம்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், தண்ணி கொட்டுதே, பாக்கலையா?"

"எங்கம்மா?"

"உங்க மேலதான் சார்."

கார்மேகம் திரும்பித் தன் முதுகைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கமும் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே தாயி. நான் உணராததை நான் எப்படி எழுதுவேன்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லா."

மேலே பாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். பார்த்தார். முறம் அளவு வானம் தெரிந்தது. ஆகா, நல்ல அகலமான சன்னல் என்று பாராட்டி, சன்னல் ‘உண்டு’ என்று எழுதினார். அதன் வழியாகக் காற்றும் வருவதைக் கவனித்து, காற்றோட்டம் ‘உண்டு’ என்றார். பார்த்தபடியே வாயைத் திறந்ததில் ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போயிற்று. தித்திப்பாக இருக்கிறதே என்று ரசித்துவிட்டு, ஓடும் தண்ணீர் வசதி ‘உண்டு, குடிக்க உகந்தது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார். நாலுக்கு நாலு. அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லையாம். பதினேழாம் எண்ணை மாதிரி வீடு என்று அறிவித்து, தரச்சான்றைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். மாசானம் சான்றைத் தடவித் தடவிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக வெறும் ஓட்டையாக இருந்தது இப்போது மூன்று வசதியாகிவிட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. பேச்சியம்மை அவரைப் பார்த்த பார்வையில் அது அடங்கிற்று.

அன்றைக்கு அவள் அழவில்லை. மழை கொஞ்சம் விட்டதும், கேட்டால் கேட்கட்டும், ரத்து பண்ணினால் பண்ணட்டும் என்று கூரையில் ஏறிவிட்டாள், நிறைமாச வயிற்றோடு. மாசானம் கீழேயிருந்து தேக்கிலையும் புற்றுமண்ணும் எடுத்துக் கொடுத்தார். உதிர்ந்த முட்களை ஆணியாக அடித்து, இலைக்கு மேல் இலை வைத்து, மண்ணைப் பூசி, பொழுது சாய்வதற்குள் ஓட்டையை அடைத்தார்கள். அடுத்த தூறல் வந்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பேச்சியம்மை காய்ந்த மேட்டில் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். முள்ளம்பன்றி மல்லாந்து படுத்தால் எழுந்திருப்பது கஷ்டம், ஆனாலும் படுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து மாசானம் பார்த்ததில்லை.

இந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரை நீடித்தது. வாசலில் கூர்மநாதன் நின்றார். கூட்டம் முடிந்து ஊருக்குக் கிளம்பியவர் அதற்குள் பதினேழாம் வீட்டு வாசல் வரைதான் வந்திருந்தார். அங்கிருந்தே நோட்டீசை நீட்டினார். மாதிரி வீட்டில் ஒரே நாளில் சன்னலைக் காணோம், காற்றோட்டத்தைக் காணோம், தண்ணீர் வசதியைக் காணோம். மூன்று வசதிகளைக் குடியிருப்பவரே அழித்திருக்கிறார். வீடு குறைந்தபட்சத் தரத்துக்குக் கீழே போய்விட்டது.

பேச்சியம்மைக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது.

"அப்போ தோத்துட்டுதா சார்? தோத்த வீட்டைச் சரிபண்ணிக் குடுப்பீங்கல்லா?"

"கட்டாயம் அம்மா. தரம் குறைஞ்ச வீட்டை உடனே பழைய தரத்துக்குக் கொண்டாரணும், அதான் விதி. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டாச்சு."

கொண்டையப்பன் அப்போதே கூரையில் வந்து உட்கார்ந்திருந்தார். இலையைக் கொத்தி எறிந்தார், மண்ணைத் தட்டி விட்டார், முள்ளாணிகளைப் பிடுங்கிப் போட்டார். ஓட்டையின் ஓரங்களைக்கூட அழகாகச் செதுக்கிக் கொடுத்தார். வாரியத்தின் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் ஒரு பழுதுபார்ப்பு நடந்ததே இல்லை என்று கூர்மநாதன் சான்று சொன்னார். மாசானம் பழக்கதோஷத்தில் நன்றி சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, பேச்சியம்மைக்கு வலியும் எடுத்துவிட்டது.

சுவரோரம் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. நடுமேட்டில் அருவி விழுந்தது. வீட்டுக்குள் காய்ந்த இடம் என்று சொல்ல ஒரு சாண் இல்லை. பேச்சியம்மை வாசற்படியில் உட்கார்ந்து, இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகையை அழுதாள். இந்தக் காட்டில் எத்தனை விலங்கு இருக்கிறது, தன் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ந்த இடம் கொடுக்க நாதியில்லையே என்று அழுதாள். மாசானம் ஓலையை எடுத்து ஒரு மனு எழுத ஆரம்பித்தார், கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு என்று. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான், பாவம்.

அந்த மனுவைப் பார்த்ததும் பேச்சியம்மையின் அழுகை நின்றது. அவளுக்கு ஒன்று உறைத்தது. ஓட்டையை அடைக்கச் சொல்லி மாதக்கணக்கில் நடையாய் நடந்தோம், ஒருத்தரும் வரவில்லை. ஓட்டையை அடைத்த மறுநாளே ரெண்டு பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். இல்லாததைக் கேட்டால் இவர்களுக்குக் காது கேட்காது. இவர்கள் கொடுத்திருப்பதாக எழுதிவைத்திருக்கிறார்களே, அதில் குறை என்றால் பறந்து வருவார்கள். அவள் வலியோடு வலியாக ஓலையைப் பிடுங்கி, தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, இரண்டு வரி எழுதினாள். பதினேழாம் எண் மாதிரி வீட்டில் அரசு அளித்துள்ள தண்ணீர் வசதியில் வரத்துக் குறைவு. அடியில் இருந்தும் ஒரு சொட்டுகூட உடம்பில் தெரியவில்லை என்று ஆய்வாளரே சொல்லியிருப்பதால், அவர் நேரில் வந்து, ஒரு சொட்டாவது தெரிகிறவரை நின்று பார்த்து ஆவன செய்ய வேண்டும்.

வாசலில் இருந்த கூர்மநாதன் அதை வாசித்ததும் முகம் வெளுத்தார். மாதிரி வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் திட்டத்துக்கே அவப்பெயர். கொண்டையப்பனைக் குளத்துக்கு விரட்டினார். கார்மேகம் கழுத்தளவு தண்ணீரில் இருந்தவர், அப்படியே எழுந்து வந்தார். ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் ஒரு வேகத்தில் வந்தார், அதுவே அவருக்கு அதிகம்.

உள்ளே வந்து உட்காரப் போனவரைப் பேச்சியம்மை பல்லைக் கடித்துக்கொண்டு தடுத்தாள். உட்கார்ந்தால் தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிற கணக்கு மாறிவிடும், நின்றால்தான் அளவு சரியாக வரும் என்று சொன்னாள். நியாயமான பேச்சு என்று அவர் மேட்டின் மேல் நாலு காலையும் அகட்டி ஊன்றி நின்றார். முறம் அளவு ஓட்டை, அதற்குக் கீழே கட்டில் அகலத்துக்கு ஒரு முதுகு. விழுந்த மழையெல்லாம் இரண்டு பக்கமும் வழிந்து சுவரோரம் போயிற்று. அவர் வயிற்றுக்கு அடியில், நாலு காலுக்கு நடுவில், மேடு காய்ந்து கிடந்தது. மாசானம் உமியும் சருகும் கொண்டுவந்து பரப்பினார். பேச்சியம்மை உள்ளே தவழ்ந்துபோய்ப் படுத்தாள்.

"ஏதாவது தெரியுதா சார்?" என்று மாசானம் வெளியிலிருந்து கேட்டார்.

"இன்னும் இல்லை தம்பி. அவசரப்படக் கூடாது" என்றார் கார்மேகம்.

அவர் நின்றார். மழை கொட்டிற்று. அவர் அசைபோட்டார். இடி இடித்தது, அது தன் சம்பந்தப்பட்ட பிரிவு இல்லை என்று இருந்துவிட்டார். சாயங்காலம் பேச்சியம்மைக்கு இரண்டு குட்டி பிறந்தது, ஒரு ஆண், ஒரு பெண். மெத்து மெத்தென்ற முள்ளோடு, உமியில் புரண்டுகொண்டு, ஈரம் என்றால் என்னவென்று தெரியாமல் பால் குடித்தன. பேச்சியம்மை ஒவ்வொரு முள்ளாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மாசானம் ஆய்வாளருக்குப் புல் அறுத்துப் போட்டார், அதுவும் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதபடி இரண்டு பக்கமும் சமமாகப் போட்டார். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. இடையில் ஒரு தடவை கார்மேகம், குறை உண்மைதானோ, நானும் இவ்வளவு நேரமாக நிற்கிறேன், ஒரு சொட்டு தெரியக் காணோமே என்று கவலைப்பட்டார். அப்போதுதான் ஓட்டை வழியாக அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது. பேச்சியம்மை அடியிலிருந்து, நிதானமாகவே பாருங்கள் சார், எங்களுக்கு அவசரமில்லை என்று சொன்னாள்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் பெண்குட்டி முதல்தடவையாகத் துள்ளிப் பார்த்தது. துள்ளியது நேராகப் போய் ஆய்வாளரின் அடிவயிற்றில் முட்டிற்று. கார்மேகத்தின் அசைபோடுகிற வாய் நின்றது. கண் அகன்றது. காது இரண்டும் முன்னால் வந்தன.

"தாயி, ஏதோ பட்டுது" என்றார். "சுருக்குன்னு பட்டுது. சொட்டுதான். சர்வீஸ்ல சேந்ததுலருந்து இன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கு."

பேச்சியம்மை குட்டியைப் பிடித்து இழுத்துத் தடவினாள். அவள் கை சடக்கென்று பின்வாங்கிற்று. விரலில் ரத்தம். முள் காய்ந்து விறைத்துவிட்டது. பையனையும் தடவினாள், அவனும் குத்தினான். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மேலே ஆய்வாளரும் கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். வரத்து போதுமானது, ஆய்வாளரால் நேரடியாக உணரப்பட்டது என்று எழுதி, அந்த ஆலிலையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் திரும்பக் குளத்துக்குப் போக முடியவில்லை. காலனியே வாசலில் நின்றது, கையில் ஆளுக்கொரு புகாரோடு. அவர்கள் ஓட்டையும் தண்ணீர் வசதி என்றுதான் பதிவாகியிருந்தது, எல்லா வீட்டிலும் தண்ணீர் வரத்துக் குறைவாம். ஆய்வாளர் வந்து நின்று பார்த்தால் போதும், அவசரமே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரே ஒரு ஆய்வாளரை வைத்து இத்தனை புகாரை எப்படிச் சமாளிக்க? வாரியம் அந்த வாரமே ஆள் எடுத்தது. எதற்கும் அசையாத எருமைகள் முப்பத்தொன்பது பேர் புதிதாக வேலையில் சேர்ந்து, வீட்டுக்கு ஒருவராக உள்ளே போய் நின்றார்கள். யானை வீட்டில் மட்டும் ஆய்வாளர் தெருவில் யானைக்கு அடியில் நின்றார். எறும்புகள் தங்கள் ஆய்வாளரின் காதுக்குள்ளேயே குடிபோய்விட்டன.

கார்த்திகை முடிகிறவரை அடைமழை பெய்தது. யானையைத் தவிர நாற்பது வீட்டிலும் குடியிருந்தவர்களில் ஒருத்தர் நனையவில்லை. திட்டம் மகத்தான வெற்றி என்று சிங்கத்தின் அரசு விழா எடுத்தது. குறைந்தபட்சத் தரத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள், மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆய்வாளர் நிற்க வேண்டும் என்று. கூரையைப் பற்றிய வரி இடத்தை அடைக்கிறது என்று அதை எடுத்துவிட்டார்கள். பயனாளி சார்பில் பேச்சியம்மையை மேடைக்குக் கூப்பிட்டு, திட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அவள் ஒரு கையில் மகளையும் ஒரு கையில் மகனையும் பிடித்துக்கொண்டு, விரலெல்லாம் கட்டுப் போட்டிருந்தாலும் முகமெல்லாம் பல்லாக, மேடை ஓரத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்த கார்மேகத்தைப் பார்த்தாள்.

"நல்லா அகலமா இருக்கு சார்" என்றாள்.

நீதி: வீடு ஒழுகினால் கூரையைப் பார்த்துக் காலத்தை வீணாக்காதே. எவ்வளவு நனைந்தாலும் உறைக்காத ஒரு அதிகாரியாகப் பார்த்துக் கூப்பிட்டு நிறுத்தி, அவருக்கு அடியில் பாயை விரித்துப் படு.